மூட்டையில்லாத நடை

எங்கள் பெண்கள் நடக்காத தூரமில்லை. விடிய எழும்பிக் கிணற்றடிக்கு நடந்தோம். மரக்கறிக் கடகத்தைத் தலையில் வைத்துச் சுன்னாகம் சந்தைக்கு நடந்தோம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, மழையில் நனைந்தபடி, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் உடுப்பு மூட்டையுமாக நடந்தோம். 2009இல் வன்னியில் இருந்தவர்கள் நடந்த நடையை எழுத எனக்குத் தகுதியில்லை. அதை நடந்தவர்கள் இந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் நடை முடிந்துவிடவில்லை. பிரதேச செயலகம், கச்சேரி, வங்கி, ஆணைக்குழு என்று கையில் கோப்புடன் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறோம்.

இத்தனை நடையிலும் ஒன்று பொதுவாக இருக்கும். கையிலோ தலையிலோ ஒரு சுமை இருக்கும். போய்ச் சேர வேண்டிய இடமோ, விட்டு ஓட வேண்டிய இடமோ இருக்கும். ஒரு குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்காக மட்டும் எங்களில் யாராவது நடந்ததுண்டா? எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் இருபத்திரண்டு பேர் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் அப்படி ஒரு நடை நடந்தோம். மலைநாட்டுச் சுற்றுலாவின் கடைசி நாளில் நடந்த அந்தச் சிறிய நடையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கு மலை என்பது படத்தில் பார்க்கும் பொருள். குடாநாட்டில் மலை என்று சொல்லக் கீரிமலை ஒன்றுதான் உண்டு. அங்கும் பெயரில்தான் மலை இருக்கிறது. போய்ப் பார்த்தால் கடற்கரையும் கேணியும். ஆகவே நுவரெலியாவுக்குப் போவோம் என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னபோது முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சீட்டுப் போட்டோம். ஆளுக்கு மாதம் 500 ரூபாய், பதினெட்டு மாதம். தோட்டத்து மிளகாய் விற்ற காசு, கோழி முட்டைக் காசு, தையல் காசு என்று எப்படியோ சேர்ந்தது.

காசு சேர்ந்ததைவிட ஊர் வாயைச் சமாளித்ததுதான் கடினமாக இருந்தது. எங்கள் சங்கத்தில் பாதிப் பேருக்கு மேல் கணவனை இழந்தவர்கள் அல்லது கணவன் எங்கே என்று தெரியாதவர்கள். "புருசன்மார் இல்லாத பெண்டுகள் பஸ் பிடிச்சு ஊர் சுத்தப் போகினம்" என்ற கதை சந்தையிலிருந்து கோயிலடி வரைக்கும் போனது. எங்களில் மூத்தவரான ஆச்சி ஒருவர், அறுபத்தெட்டு வயது, கூட்டத்தில் எழும்பிக் கேட்டார். "கதிர்காமத்துக்குப் போனால் புண்ணியம் எண்டுவினம். நுவரெலியாவுக்குப் போனால் மட்டும் பாவமோ?" அந்தக் கேள்விக்கு ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை. இருந்தாலும் பயணப் பட்டியலில் சீதா எலியவில் உள்ள சீதை அம்மன் கோயிலையும் எழுதி வைத்தோம். ஊர் வாய் கொஞ்சம் அடங்கியது.

வருவதற்குக் கடைசி வரை சம்மதிக்காதவர் ஒருவர் இருந்தார். அவரைப் பெரியம்மா என்றே எழுதுகிறேன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். 2007இல் வீட்டிலிருந்து வெளியே போன அவருடைய மகன் திரும்பி வரவில்லை. அப்போது அவனுக்கு இருபத்திமூன்று வயது. சீட்டுக் காசை ஒழுங்காகக் கட்டினார். ஆனால் பயணம் என்றதும் தலையை ஆட்டிவிட்டார்.

"நான் கொழும்புக்குப் போயிருக்கிறன். வவுனியாவுக்குப் போயிருக்கிறன். கிளிநொச்சியிலை வீதியோரம் கொட்டிலுக்குள்ளை இருந்திருக்கிறன். எல்லாம் அவன்ரை படத்தோடைதான். படமில்லாமல் நான் எங்கை போறது? ஏன் போறது?" என்று கேட்டார்.

கிளிநொச்சியில் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் தொடங்கிய போராட்டத்தைத்தான் அவர் சொன்னார். அவரோடு வாதாட எங்களுக்கு வாய் வரவில்லை. எங்கள் தங்கச்சி ஒருத்தி, 2009இல் ஷெல் பட்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள், மெதுவாகச் சொன்னாள். "படத்தையும் கொண்டு வாங்கோ பெரியம்மா. ஒருத்தரும் வேண்டாம் எண்டு சொல்லேல்லையே."

அப்படித்தான் அவர் வந்தார்.

பெரிய வெள்ளிக்கு முந்திய நாள் இரவு சுன்னாகத்திலிருந்து புறப்பட்டோம். முறிகண்டியில் தேங்காய் உடைத்தோம். முதல் நாள் கண்டி. இரண்டாம் நாள் றம்பொடை, லபுக்கலைப் பக்கமாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி நுவரெலியா. கோயிலும் பூங்காவும் பார்த்தோம். 1870களில் இலங்கையின் ஆளுநராக இருந்த கிறகரி என்பவரின் பெயரில் உள்ள வாவிக் கரையில் இருந்து கடலை சாப்பிட்டோம். அது மனிதர் கட்டிய வாவி. சனமும் குதிரையும் படகும் சத்தமுமாக இருந்தது. எங்கள் குழுவில் மலையகத்தில் பிறந்த அக்கா ஒருவரும் இருந்தார். 1977 வன்செயலின்போது ஐந்து வயதுப் பிள்ளையாகப் பெற்றோருடன் வன்னிக்கு வந்தவர். பஸ் யன்னலோரம் இருந்து ஒவ்வொரு தோட்டத்துப் பெயர்ப்பலகையையும் வாசித்துக்கொண்டு வந்தார். "இது எங்க ஊருதான். ஆனா எனக்குத் தெரியாத ஊரு" என்று ஒருமுறை சொன்னார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

கடைசி நாளை என்ன செய்வது என்று இரவு பெரிய வாக்குவாதம். சிலருக்குச் சந்தைக்குப் போய் லீக்ஸ், கரட், பீற்றூட் வாங்க வேண்டும். சிலருக்குக் குளிர்ச்சட்டைக் கடை. பகல் 2 மணிக்குப் பஸ் ஊருக்குத் திரும்ப வேண்டும், திங்கள் காலை எல்லோருக்கும் வேலை இருக்கிறது. ஆனால் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகாமல் திரும்பினால் எதற்கு இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஆச்சி கேட்டார். வழியில் மரக்கறி வாங்கலாம் என்று சாரதித் தம்பி ஏற்றுக்கொண்டதும் பிரச்சினை தீர்ந்தது.

அதிகாலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். நுவரெலியாவிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீற்றர். அம்பேவெல மாட்டுப் பண்ணையைத் தாண்டிப் பட்டிப்பொல வழியாக வீதி ஏறுகிறது. பட்டிப்பொலதான் இலங்கையில் ஆக உயரத்தில் உள்ள புகையிரத நிலையம். கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர். அதற்கும் மேலேதான் சமவெளி. எங்களிடம் இருந்த குளிருடுப்பு என்றால் பிள்ளைகளின் பாடசாலைக் குளிர்ச்சட்டையும், ஊரில் கடன் வாங்கிய கம்பளிச் சால்வையும்தான். ஒருத்தி கணவனின் பழைய சாரத்தைப் போர்த்திக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் அரை மணித்தியாலத்தில் அந்தச் சாரத்துக்குள் பங்கு கேட்டார்கள்.

வாசலில் அனுமதிச்சீட்டு வாங்கி உள்ளே போனால் வீதியோரத்திலேயே ஒரு சிறிய குளம். அறங்கா குளம் என்று அதற்குப் பெயர். அறங்கா என்பது இலங்கையில் மட்டும், அதுவும் மலைக்காடுகளில் மட்டும் வாழும் ஒரு கருநீலப் பறவை. அதைப் பார்ப்பதற்கு வெளிநாடுகளிலிருந்து வந்து விடியற்புறத்தில் காத்திருப்பார்கள். நாங்கள் பறவையைக் காணவில்லை. கறுத்த தண்ணீரின்மேல் புகைபோல மூடுபனி எழும்புவதைக் கண்டோம். அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

நடைபாதை தொடங்குகிற இடத்தில் வெள்ளைக்காரர் காலத்து விடுதியொன்று பார்வையாளர் நிலையமாக இருக்கிறது. அங்கே எல்லோருடைய பையையும் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே கொண்டுபோக முடியாது. மான்மரைகள் தின்று செத்துவிடும் என்பதால் பிஸ்கற் உறையைக்கூட வாங்கி வைத்துவிட்டுக் கடதாசியில் சுற்றித் தருவார்கள். எங்கள் சாப்பாடு சுன்னாகத்து வாழையிலையில் கட்டிய புட்டும் சம்பலும். அதைக் கண்ட உத்தியோகத்தர் சிரித்துவிட்டார். எள்ளுருண்டை பனையோலைப் பெட்டியில் இருந்தது. அதற்கும் தடையில்லை.

பெரியம்மாவின் கைப்பைக்குள் மகனுடைய படம் இருந்தது. பொலித்தீன் உறைக்குள் போட்டு, இரண்டாக மடித்து, அதையும் ஒரு பையில் சுற்றி வைத்திருந்தார். உத்தியோகத்தர் அதைக் கழற்றச் சொன்னார். பெரியம்மா கையை விடவில்லை. "பனியிலை நனைஞ்சு போயிடும்" என்று திரும்பத் திரும்பத் தமிழில் சொன்னார். அவருக்கு விளங்கவில்லை. எங்கள் மலையகத்து அக்கா கொழும்பில் பத்து வருடம் வீட்டுவேலை செய்தவர். நல்ல சிங்களம் பேசுவார். முன்னுக்குப் போய் விடயத்தைச் சொன்னார். யார் என்று உத்தியோகத்தர் கேட்டார். மகன் என்றார். எப்போதிருந்து என்று கேட்டார். 2007 என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் மண்ணிறக் கடித உறை ஒன்றைக் கொண்டு வந்தார், அரசாங்க அலுவலகங்களில் பாவிக்கிற பெரிய உறை. படத்தை அதற்குள் வைத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தார். பொலித்தீனைத் தன்னுடைய மேசை லாச்சிக்குள் வைத்து, திரும்பி வரும்போது வாங்கும்படி சொன்னார்.

நடக்கத் தொடங்கிய பிறகு பெரியம்மா சொன்னார். "இவ்வளவு காலமும் இப்படி உறையிலை எனக்கு வந்ததெல்லாம் 'உங்கள் கடிதம் கிடைத்தது' எண்ட பதில்தான்."

முழுச் சுற்றுப் பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாமல் எடுக்கும். உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளமும், பேக்கர் நீர்வீழ்ச்சியும் அந்தச் சுற்றில் வரும். உடம்பு இடங்கொடுத்தவர்கள் பதின்மூன்று பேர் அதிலே போனார்கள். நாங்கள் ஒன்பது பேர் வலது பக்கப் பாதையால் சிம்னி குளம் வரைக்கும் மட்டும் போய் வருவோம் என்று தீர்மானித்தோம். தங்கச்சியின் கால் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் பொருத்தியது. ஊர் ஒழுங்கையில் சைக்கிளும் ஓடுவாள். ஆனால் அங்கே பாதை முழுக்க உருண்டைக் கல்லும் மழைநீர் அரித்த பள்ளமும் வழுக்குகிற வேரும். ஒரு தடியை வெட்டுவோமா என்று ஒருத்தி கேட்க, இங்கே புல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது என்று பலகை காட்டியது. நான் என் தோளைக் கொடுத்தேன்.

முதல் கொஞ்சத் தூரம் ஒருவரும் பேசவில்லை. பழக்கம் அப்படி. நடை என்றால் குனிந்து, விரைவாக, பின்னால் வருபவர்களை எண்ணிக்கொண்டு போவதுதான் எங்களுக்குத் தெரிந்தது. 1995இல் எனக்குப் பதினாறு வயது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவின் முந்தானையைப் பார்த்தபடி நடந்தேன். பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது. இங்கே ஆச்சிதான் முதலில் நின்றார். மூச்சு வாங்குகிறது என்றார். 2,100 மீற்றருக்கு மேலே காற்று மெல்லியது, எல்லோருக்கும் மூச்சு வாங்கும். நின்றதால் நிமிர்ந்தோம். நிமிர்ந்ததால் பார்த்தோம்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் மஞ்சளும் பச்சையுமான புல்வெளி. புல்லின் நுனியில் பனி. அதற்கப்பால் கறுத்த காடு. மரங்கள் உயரமில்லை. குடை விரித்த மாதிரித் தலை பரந்து, உடம்பெல்லாம் பாசி படர்ந்து நின்றன. அங்கங்கே குட்டை மரங்களில் கடும் சிவப்பில் பூ. சிங்களத்தில் 'மகா ரத்மல்' என்பார்கள் என்று மலையகத்து அக்கா சொன்னார். பெரிய சிவப்புப் பூ என்று பொருள். மரையொன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேயத் தொடங்கியது. எங்களைப் பார்த்து ஒன்றும் ஓடவில்லை, நாங்களும் ஒன்றுக்கும் ஓடவில்லை.

சமவெளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரை வெள்ளைக்காரர் இதற்கு வைத்தார்கள். ஊர்ச்சனம் அதற்கு முன்பே மகா எலிய என்று அழைத்தது. கோப்பிக்கும் தேயிலைக்கும் மலையெல்லாம் வெட்டப்பட்ட காலத்தில், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாமல் விட வேண்டும் என்று 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் ஆலோசனை சொன்னார். அப்படித்தான் இது தப்பியது. 1960களில் இங்கே விதை உருளைக்கிழங்குகூடப் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கு நடும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் நக்கிள்ஸ் மலைத்தொடர், சிவனொளிபாதமலைக் காடு ஆகியவற்றுடன் சேர்த்து மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

அந்தக் குட்டை மரங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. முகில் காட்டுக்குள் புகுந்து போகும்போது இலையிலும் பாசியிலும் ஈரம் பிடித்துச் சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுகிறது. மழை பெய்யாத நாளிலும் நிலம் நனைகிறது. பஞ்சு மாதிரியான மண் அதைக் குடித்து மெல்ல மெல்லக் கசிய விடுகிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய கங்கைகளுக்கும் இங்கிருந்து ஊற்றுப் போகிறது. மகாவலி திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் போய்க் கடலைச் சேரும். களனியின் கிளைகள் நீர்மின் நிலையங்களைச் சுற்றிவிடும். ஊரில் இன்றும் மின்சாரத்தை லக்சபானா என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்த லக்சபானாவுக்கும் இந்தப் பனியில் ஒரு பங்கு உண்டு என்று சொன்னபோது, "அப்ப எங்கடை வீட்டு லைற் இந்த மரத்திலை இருந்து சொட்டுறதோ?" என்று ஆச்சி ஒரு பாசியைத் தொடாமல் எட்டிப் பார்த்தார்.

ஒரு மணித்தியாலத்துக்குள் குளத்தடிக்கு வந்துவிட்டோம். பெலிஹுல் ஓயா என்ற ஓடை புல்வெளிக்கு நடுவே ஓடி வந்து, ஓரிடத்தில் வேகம் குறைந்து, அகன்று, குளமாக நிற்கிறது. அவ்வளவுதான் அது. எங்கள் ஊர்க் குளங்களோடு பார்த்தால் சின்னது. ஆனால் ஊர்க்குளம் மாரியில் நிறைந்து கோடையில் வற்றும். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். விழுந்த மழை கீழே போய்விடும், கிணற்றுக்குள்தான் தேட வேண்டும். இங்கே தண்ணீர் நிலத்துக்கு மேலே, திறந்தபடி, அடியிலுள்ள கல் தெரிய நின்றது. முகில் ஒன்று வந்து குளத்தை மூடியது. கொஞ்ச நேரத்தில் விலகியது. திரும்பவும் மூடியது.

தண்ணீரைக் கண்டதும் எங்களில் ஒருத்தி கேட்ட முதல் கேள்வி, "இதைக் குடிக்கலாமோ?" என்பதுதான். ஒருவரும் சிரிக்கவில்லை. சுன்னாகத்தவருக்குத் தண்ணீரைக் கண்டால் அந்தக் கேள்வி வரும். மின் உற்பத்தி நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, கிணற்றுத் தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்த காலத்தை நாங்கள் கண்டவர்கள். 2014, 2015ஆம் ஆண்டுகளில் வீதியோரத் தாங்கியடியில் வாளியோடு வரிசையில் நின்றோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டும்படி தீர்ப்பளித்தது. ஆனாலும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து மணந்து பார்க்கிற பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. அங்கேயும் ஒருத்தி குனிந்து மணந்து பார்த்தாள். "ஒரு மணமும் இல்லையக்கா" என்றாள். ஊற்றுநீராக இருந்தாலும் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். கொண்டு போன தேநீரைக் குடித்தோம்.

வாழையிலையை விரித்துப் புட்டைச் சாப்பிட்டோம். தங்கச்சி ஒரு கல்லில் இருந்து காலைக் கழற்றி வைத்துத் தழும்பைத் துடைத்துக்கொண்டாள். வேறு ஊர்ப் பெண்கள் சிலர் அந்த வழியால் போனார்கள். வழக்கமாக அவள் சேலையால் மூடிவிடுவாள், அன்றைக்கு மூடவில்லை. "இந்தக் கால் கிடைச்ச நாளிலை இருந்து இண்டைக்குத்தான் ஒரு வேலையும் இல்லாமல் நடந்திருக்கு. பாவம், அதுக்கும் லீவு வேணும்தானே" என்றாள். ஆச்சி புரையேறும்படி சிரித்தார்.

பெரியம்மா கொஞ்சம் தள்ளிப் புல்லில் இருந்தார். கடித உறை மடியில் இருந்தது. நான் பக்கத்தில் போய் இருந்தேன். அழுவாரோ என்று எனக்கு யோசனை. அவர் அழவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி தானாகவே சொல்லத் தொடங்கினார்.

"அவனுக்குத் தண்ணியெண்டால் பைத்தியம். மாரியிலை வழுக்கையாறு பெருகினால் கந்தரோடைப் பக்கம் மீன் பிடிக்கப் போயிடுவான். பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் சேறு. ஒருநாள் ஒரு சின்ன விரால் குஞ்சைச் சோத்துப் போத்திலுக்குள்ளை போட்டுக் கொண்டு வந்து கிணத்துக்குள்ளை விட்டிட்டான். நான் அடிக்கக் கலைச்சனான். பிடிபடேல்லை. அந்த மீன் கன காலம் கிணத்திலை கிடந்தது. தண்ணி அள்ளேக்கை வாளிக்குள்ளை வரும், திரும்ப விடுவன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இன்னும் சொன்னார். அவன் எந்தக் கறிக்கு முகம் சுழிப்பான், யாருடைய மாமரத்தில் ஏறி விழுந்தான், எந்தப் பாட்டைப் பிழையாகப் பாடுவான் என்றெல்லாம். மற்றவர்களும் கிட்ட வந்து இருந்தார்கள். ஓரிடத்தில் எல்லோரும் சிரித்தோம். பெரியம்மாவும் சிரித்தார்.

பதினைந்து வருடமாக அவரை எனக்குத் தெரியும். அவருடைய மகனைப் பற்றி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எல்லா முறையும் கேட்டது ஒரே கதையைத்தான். எத்தனை மணிக்கு வெளிக்கிட்டான், என்ன நிறச் சட்டை போட்டிருந்தான், கடைசியாகக் கண்டவர் யார். படிவங்களும் ஆணைக்குழுக்களும் அதைத்தான் கேட்டன. அதனால் அவரும் அதையே சொல்லிச் சொல்லி, இருபத்திமூன்று வருடம் வாழ்ந்த ஒரு பிள்ளை அவருடைய வாயில் ஒரு நாளாகச் சுருங்கிவிட்டான். அந்தக் குளக்கரையில்தான் நாங்கள் முதல்முதலாக அவனை முழு ஆளாகச் சந்தித்தோம்.

இதற்கு மலைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் கேட்கும்போது வராத பேச்சு, பக்கத்தில் நடந்து வரும்போது வருகிறது. முகத்தைப் பார்க்காமல் இரண்டு பேரும் ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வருகிறது. உளவளத்துணை வகுப்புகளுக்குப் போன சகோதரிகளுக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் அதற்கு முதல் வேண்டியது, ஒன்றும் செய்ய வேண்டியிராத ஒரு மணித்தியாலம். அது எங்கள் வாழ்க்கையில் மிகவும் அரிது.

பத்து மணிபோல மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். உலக முடிவைப் பற்றிக் கேட்க ஆவலாக இருந்தோம். 850 மீற்றருக்கு மேல் நேராகக் கீழே இறங்குகிற பள்ளம், தெளிந்த நாளில் தெற்குக் கடலே தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தோம். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு மூடுபனி எல்லாவற்றையும் மறைத்துவிடும். அன்றைக்கு அது முந்திக்கொண்டு விட்டது. "உலக முடிவிலை ஒண்டுமே இல்லையக்கா, வெறும் வெள்ளைதான்" என்று அவர்கள் சொல்ல, நாங்கள் குளத்தைக் கண்ட பெருமையில் இருந்தோம். வாசலில் பெரியம்மா தன் பொலித்தீனை மறக்காமல் கேட்டு வாங்கினார். கடித உறையோடு சேர்த்துப் படத்தை அதற்குள் வைத்தார். கிளிநொச்சியில் மழை பெய்தால் அது தேவை.

திரும்பும் வழியில் பஸ்ஸுக்குள் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "நாங்கள் இப்படிச் சிரிச்சது சரியோ அக்கா? அவர் இருந்திருந்தால் எண்டு நினைச்சால் நெஞ்சு குத்துது." கணவனை 2009இல் இழந்தவள். இந்தக் கேள்வி எங்களில் எத்தனையோ பேருக்குள் இருக்கிறது. நல்ல சேலை கட்டினால் குத்தும், கலியாண வீட்டில் பலகாரம் சுவைத்தால் குத்தும். அவளுக்கு நான் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். துக்கம் எங்களை விட்டுப் போகாது, அதற்குக் காவல் இருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் நாங்கள் மலைக்குப் போனதால் அது கோபித்துக்கொண்டு போய்விடவில்லை, வீட்டில்தான் இருந்தது. நாங்கள் திரும்பி வந்து அதைத் தூக்க உடம்பில் பலம் வேண்டும். நீதி கேட்டு இன்னும் எத்தனை வருடம் நடக்க வேண்டுமோ தெரியாது. அதற்கும் பலம் வேண்டும்.

சகோதரிகளே, எங்களைப் போல நீங்களும் போக நினைத்தால் சில விடயங்கள். சிறிய தொகையில் நீண்ட காலச் சீட்டுப் போடுங்கள், ஒருத்தியும் கடன்பட வேண்டி வராது. விடியற்காலையிலேயே வாசலுக்குப் போய்விடுங்கள். செருப்போடு நடக்க முடியாது, பிள்ளைகளின் பழைய சப்பாத்து என்றாலும் பரவாயில்லை. அந்தக் குளிர் எங்கள் உடம்புக்குப் பழக்கமில்லாதது. காதை மூட ஏதாவது வேண்டும். இழுப்பு உள்ளவர்கள், பிறஷர் உள்ளவர்கள் மருந்தைக் கையோடு வைத்திருங்கள். சாப்பாட்டை இலையில் கட்டுங்கள். குளத்திலோ ஓடையிலோ இறங்க வேண்டாம். முழுச் சுற்றும் நடந்தால்தான் நடை என்றில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் மலையக மக்களுக்குச் செய்ததை எல்லோரும் அறிவோம். மழைக்காலத்தில் போகாதீர்கள். எந்தக் காலத்திலும் வீதி நிலைமையையும் மண்சரிவு எச்சரிக்கையையும் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். ஊர் வாய்க்குப் பயந்தால் எங்கள் ஆச்சி கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள்.

மற்றது, யாராவது படம் கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருந்து, அந்தப் படத்தில் இருப்பவர் சிறுவயதில் என்னென்ன குழப்படி செய்தார் என்று கேளுங்கள்.